அம்முச்சியின் ஜமக்காளத்தை மகள் வரைந்திருக்கிறாள், அதை எப்படிப் பார்ப்பது?

பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கோவையில் ஓவியம் படிக்கும் உங்கள் மகள், பெருந்துறைப் பக்கம் ஊர்வீட்டில் கிடந்த அம்முச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், பழைய துணிகளை மூன்று படங்களாக வரைந்து கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஒன்று பட்டை போட்ட பவானி ஜமக்காளம். இன்னொன்று தொட்டில் கட்டிய கட்டம்போட்ட சேலை. மூன்றாவது, பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த விரிப்பு. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது, இதுக்கு ரெண்டு மாசமா?" என்று கேட்கிறார்கள். உங்களுக்குப் படங்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் "நல்லா இருக்கு கண்ணு" என்பதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் சென்னிமலையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் பல வருடம் போர்வைகளுக்கு டிசைன் வரைந்தவன். அதனால் துணிப் படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் போவது நிறத்துக்கு அல்ல, ஓரத்துக்கு. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஏன் ஓரம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பவானியில் ஒரு வயதான நெசவாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வீட்டுத் திண்ணையில் விரித்திருந்த ஜமக்காளத்தைப் பென்சிலில் வரைந்து, பெருமையோடு அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஏங்கண்ணு, நாலு பக்கமும் குஞ்சம் தொங்குதே, பாவு நாலு பக்கமுமா ஓடுது?" என்றார். அவ்வளவுதான். என் படத்தில் நிழல், மடிப்பு, அளவு எல்லாம் சரியாக இருந்தும் அது நெய்த துணியாக இல்லை.

குஞ்சம் என்பது அலங்காரத்துக்காக ஒட்ட வைத்தது அல்ல. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல், துணியை அறுத்து எடுக்கும்போது இரண்டு முனையிலும் மிஞ்சி நிற்கும். அதை முடிச்சுப் போட்டு விடுவதுதான் குஞ்சம். மற்ற இரண்டு பக்கங்களில், பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் போய்த் திரும்பும் கரை மட்டும் இருக்கும், அங்கே நூல் முனை வராது. பருத்தியில் பட்டை போட்ட ஜமக்காளத்தில் நிறம் மாறுவது ஊடையில். அதனால் பட்டைகள் குஞ்சம் இருக்கும் பக்கத்துக்கு இணையாகவே ஓடும். உங்கள் மகளின் படத்தில் குஞ்சம் எங்கே இருக்கிறது, பட்டை எந்தப் பக்கமாக ஓடுகிறது, கரையில் ஊடை திரும்பும் இடம் சின்னச் சின்ன மேடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால், அவள் பார்த்தது நிறத்தை மட்டும் அல்ல என்று தெரிந்துவிடும்.

அடுத்து, முடிந்தால் அந்த ஜமக்காளத்தையே எடுத்து வந்து மடியில் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே உட்காருங்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஊடை நூல் தடிப்பானது. அதை நெருக்கி அடித்து நெய்வதால் பாவு முழுக்க உள்ளே மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பும் பச்சையும் நீலமும் எல்லாம் ஊடைதான். ஆனால் மறைந்த பாவு சும்மா இருப்பதில்லை, மேலே மூடிய ஊடையை வரிவரியாகத் தூக்கிக் காட்டும். கைக்குத் தட்டுப்படும் அந்த வரிகள் நீளவாக்கில் போகின்றன. கண்ணுக்குத் தெரியும் நிறப்பட்டைகளோ குறுக்கே போகின்றன. நிறம் ஒரு திசை, மேடு இன்னொரு திசை. ஜமக்காளத்தை வரைவதில் உள்ள பெரிய சவாலே இதுதான். நிறத்தைக் குறுக்கே பூசிவிட்டு விட்டால் அது பெயின்ட் அடித்த பலகை மாதிரி ஆகிவிடும். நீளவாக்கில் கோடு இழுத்துக்கொண்டே போனால் பாய் ஆகிவிடும். ஒரே இடத்தில் இரண்டு திசையும் தெரிந்தால், அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒருவர் அனுப்ப, அடுத்தவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். இரண்டு பேர் கையும் ஒரே வலுவில் இருக்காது இல்லையா? அதனால் சிவப்பு முடிந்து பச்சை தொடங்கும் கோடு, தூரத்தில் இருந்து பார்த்தால் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் லேசாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் மகள் விட்டுவைத்திருக்கிறாளா, இல்லை ஸ்கேல் வைத்து நேர்செய்துவிட்டாளா? விட்டுவைத்திருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று முகத்திலேயே தெரியும்.

நிறத்துக்கு வருவோம். அவள் வாட்டர்கலர் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான். மேலே பூசிக்கொள்ளலாம் என்று விட முடியாது, வெளிச்சம் விழும் இடத்தை முதல் நாளே தீர்மானித்து, கடைசி வரை அங்கே தூரிகை படாமல் காத்து வர வேண்டும். ஜமக்காளத்தின் வெள்ளைப் பட்டையோ மஞ்சள் பட்டையோ எங்கே பளிச்சென்று இருக்கிறதோ, அங்கே அவள் வரையவில்லை, வரையாமல் காத்திருக்கிறாள். பருத்தி ஜமக்காளத்தில் பளபளப்பு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிச்சம் மாவு தூவிய மாதிரிப் பரவி நிற்கும். கரையில் டிசைன் போட்டு வரும் செயற்கைப் பட்டு ஜமக்காளமாக இருந்தால் கதை வேறு. அதில் வெளிச்சம் மடிப்பின் முதுகில் கூர்மையாக விழுந்து, மடிப்பு திரும்பும் இடத்தில் சட்டென்று அறுந்துபோகும். இரண்டையும் ஒரே மாதிரி மினுங்க வைத்திருந்தால் அது துணி தெரியாதவர் வரைந்த படம்.

சரி, தொட்டில் சேலை. மூன்றில் இதைத்தான் வரைவது கடினம் என்பேன், கட்டம்போட்ட சேலை என்பதால். நெய்த துணியை நூல் போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், அதிகம் நீளாது. மூலைவாக்கில் இழுங்கள், இழுத்த பக்கமெல்லாம் கொடுக்கும். அதனால் தொட்டிலில் பிள்ளையின் பாரம் விழும் இடத்தில் சேலைக் கட்டங்கள் பெரிதாவதில்லை, சாய்கின்றன. சதுரம் சதுரமாக இருந்தவை நெளிந்து வைரக்கல் வடிவத்துக்குப் போகும். மேலே விட்டத்துக் கயிற்றில் முடிச்சு இருக்கும் இடத்தில் எல்லாக் கோடுகளும் நெருங்கி வந்து ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். ஒரு கோட்டை முடிச்சில் பிடித்து, விரலால் படத்தின் மேல் தொடாமல் கீழே பின்தொடர்ந்து வாருங்கள். மடிப்புக்குள் மறைந்த கோடு, மறுபக்கம் வெளியே வரும்போது சரியான இடத்தில் வருகிறதா? வந்தால், தெரியாத இடத்திலும் அந்தக் கோடு எங்கே போகிறது என்று யோசித்துத்தான் வரைந்திருக்கிறாள். தொட்டிலுக்குள் பிள்ளையை வரையாமலே உள்ளே எவ்வளவு பாரம் என்று கட்டங்களே சொல்லிவிடும். நைந்த பருத்திச் சேலையின் மடிப்பு சின்னச் சின்னதாக உடையும், ஜமக்காளம் மடிந்தால் உருளையாகத்தான் திரும்பும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும் இரண்டு படங்களிலும் மடிப்பை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது கனம், எது லேசு என்று நிறத்தைப் பார்க்காமலே தெரிய வேண்டும்.

மூன்றாவது படத்தில், தைத்த விரிப்பில், தையலைத் தவிர வேறு எதையும் முதலில் பார்க்காதீர்கள். ஊசி உள்ளே போய் வெளியே வரும் நூலோட்டத் தையல்தான் அது, அதைவிட எளிய தையல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் கீழே அமுக்குகிறது, பக்கத்துத் துணி கொஞ்சம் உப்புகிறது. நூறு வரிசை தைத்தால் விரிப்பு முழுக்க உழுத காடு மாதிரி சுருங்கி நிற்கும். ஆக, தையலைக் கோடாக வரைந்தால் போதாது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிழல் வேண்டும். என் அம்முச்சி தைத்த விரிப்பு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு முனையில் தையல் நெல்மணி அளவு. நடுவில் ஓரிடத்தில் திடீரென்று நூலின் நிறம் மாறுகிறது, தையலும் நீளமாகிறது. அந்த இடத்தில் இருந்து என் பெரியம்மா தைத்ததாக அம்மா சொல்வார். நான் அதை வரைய உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பெரியம்மா தைத்த பகுதியிலும் ஒரு மூலையில் மட்டும் நெல்மணித் தையல் மறுபடி வருகிறது. பிரிந்துபோன இடத்தை அம்முச்சியே பின்னால் திரும்ப உட்கார்ந்து தைத்திருக்கிறார். நாற்பது வருடம் அந்த விரிப்பில் படுத்திருந்தும் எனக்கு அது தெரியாது. வரைந்த ஒன்பது நாளில் தெரிந்தது.

உங்கள் சொந்தக்காரர்களின் கேள்விக்கு என் பதிலும் இதுதான். போட்டோ எடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை, எடுத்து வையுங்கள். ஆனால் போட்டோ எடுப்பவர் துணியை ஒரு நொடி பார்த்தால் போதும். வரைகிறவர் ஒவ்வொரு நூலிடமும், நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டாக வேண்டும். கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் தாளில் இருக்கிறது. நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. நெருக்கமான கோடு போட்ட துணியை போனில் எடுத்தால், துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். துணியின் கோடுகளும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. கண்ணும் கையும் அந்தத் தப்பைச் செய்வதில்லை.

உலகத்தில் இந்த வேலையை எவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், சொந்தக்காரர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் நின்ற ஓவியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து, நாட்டில் மக்கள் கையால் செய்த பழம்பொருள்களை வரையச் சொன்னது. 1935இல் தொடங்கி 1942 வரை நடந்த அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 18,000 வாட்டர்கலர் படங்கள் சேர்ந்தன. பொம்மை, பானை, நாற்காலியோடு, வீட்டில் நெய்த படுக்கை விரிப்புகளும் ஒட்டுத்துணிப் போர்வைகளும் அதில் நிறைய. இன்று எல்லாம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன. அன்றைய கலர் போட்டோவை நம்பி நிறத்தைப் பதிவு செய்ய முடியவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால், எந்த போட்டோவும் காட்டாத அளவுக்கு நூலின் முறுக்கு தெரிகிறது. 1940 பிப்ரவரியில் எடுத்த ஒரு போட்டோவில் மேக்னஸ் ஃபாசம் என்ற ஓவியர், 1770இல் நெய்த விரிப்பு ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருக்கிறார். 170 வருடத்துப் படுக்கை விரிப்புக்கு முன்னால், கோயில் சிலையை வரைகிறவர் மாதிரி அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருக்கிறார்.

நம் நாட்டுத் துணிகளைப் பதிவு செய்த கதை வேறு மாதிரி, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்தார். அதில் இருப்பவை வரைந்த படங்கள் அல்ல, 700 துணித் துண்டுகள். நல்ல சேலைகளையும் வேட்டிகளையும் தலைப்பாகைகளையும் வெட்டி ஒட்டினார்கள். இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று பார்த்து, இங்கிலாந்து ஆலைக்காரர்கள் அதே மாதிரி நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நோக்கம். துண்டைத் தொட்டுப் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் முந்தானை எங்கே தொடங்கியது, கரை எப்படித் திரும்பியது என்பது வெட்டிய துண்டில் முழுசாகத் தெரியாது. அதே நூற்றாண்டின் கடைசியில், ஆலைத் துணியின் போட்டியைத் தாங்க முடியாமல்தான் பவானியில் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் ஜமக்காளம் நெய்யத் தொடங்கினார்கள். சேலை நெய்த தறிகள் விரிப்பு நெய்யப் போயின. உங்கள் கூடத்தில் தொங்கும் படத்தில் இருக்கும் பொருள் இப்படி வந்தது. அதை வெட்டாமல், முழுசாக, குஞ்சத்தில் இருந்து குஞ்சம் வரை ஒரு பெண் வரைந்திருக்கிறாள் என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று, சுருக்கமாக. நெய்த பூவுக்கும் அச்சடித்த பூவுக்கும் ஓரம் வேறு. தறியில் பூ எடுக்க நாங்கள் முதலில் கட்டத்தாளில் வரைவோம். ஒரு நெடுவரிசை ஒரு பாவு, ஒரு கிடைவரிசை ஓர் ஊடை. கட்டத்தை நிரப்பினால் அந்த இடத்தில் நூல் மேலே வரும். அதைப் பார்த்து, எந்த நூலைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். அதனால் நெய்த மாங்காயின் வளைவு கிட்டே போய்ப் பார்த்தால் வளைவே அல்ல, படிக்கட்டு. உங்கள் மகள் நாளைக்கு ஒரு சென்னிமலைப் போர்வையை வரைந்தால், பூவின் ஓரத்தில் அந்தப் படி தெரிகிறதா என்று பாருங்கள். வழுவழுப்பாக வரைந்திருந்தால் அது அச்சடித்த பூ ஆகிவிடும். கையால் எம்பிராய்டரி போட்டதா, நெய்ததா, அச்சா என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும்.

இதற்கெல்லாம் அர்த்தம், ஒவ்வொரு நூலையும் வரைந்தால்தான் நல்ல படம் என்பது அல்ல. அப்படி வரைந்த படங்களும் பார்த்திருக்கிறேன், கண் தங்க இடம் இல்லாமல் மூச்சு முட்டும். நல்ல கை ஒரு சாண் அளவுக்கு நூலைக் காட்டிவிட்டு, மற்ற இடத்தை நிறமாக விட்டுவிடும். மீதியை நம் கண் தானே நெய்துகொள்ளும். உங்கள் மகள் எந்த இடத்தை நூல்நூலாக வரைந்திருக்கிறாள், எந்த இடத்தை விட்டுவிட்டாள் என்று பாருங்கள். பெரும்பாலும் அவள் மனசு எங்கே நின்றதோ அங்கேதான் நூல் தெரியும். எனக்குப் பிடிக்காத வகை என்று ஒன்று உண்டு என்றால், பழைய துணியைக் கடையில் வாங்கிய புதுசு மாதிரி வரைவது. வெளுத்த இடம், எண்ணெய் பட்ட இடம், மடித்து வைத்தே இற்றுப்போன மடிப்பு, இவை எல்லாம் அந்தத் துணி அந்த வீட்டில் இருந்தது என்பதற்குச் சாட்சி. கல்யாணப் பந்தியில் விரித்து, சீர் செய்யும்போது விரித்து, இழவுக்கு வந்தவர்கள் உட்கார விரித்து, மழைக்கு நெல் மூட்டையை மூடி, ஒரு ஜமக்காளம் எல்லாவற்றுக்கும் போயிருக்கும். ஒரு மூலை மட்டும் நிறம் போயிருந்தால், அது ஜன்னல் பக்கம் கிடந்த மூலையா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதைவிடக் கேட்பது நல்லது. "எந்த இடத்துல ஆரம்பிச்ச கண்ணு?" என்று கேளுங்கள். "எந்த நிறம் சரியா வராம திரும்பத் திரும்பக் கலந்த?" என்று கேளுங்கள். பழைய ஜமக்காளத்துச் சிவப்பு பாட்டிலில் இருந்து அப்படியே வராது. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் ஊதா என்று தேடியிருப்பாள், அதைப் பற்றிப் பேச அவளிடம் நிறைய இருக்கும். எதாவது தப்பாகத் தெரிந்தால் அதையும் சொல்லலாம், படத்தின் பக்கத்தில் துணியை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். என்னிடம் அந்தப் பவானிப் பெரியவர் செய்த மாதிரி.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களிலும் ஜமக்காளம் இருக்கிறது. அப்படி இருந்தும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்றே சொல்லி விற்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டு ஜமக்காளத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் வந்துவிட்டது, துணி எதற்கு என்று யாராவது சொல்வார்கள். மடித்து அடுக்கினால் மடிப்பிலேயே இற்றுப்போகும். மூங்கில் கழியில் சுற்றி, மேலே வெள்ளைத் துணி போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை நிழலில் உலர்த்துங்கள். படங்களுக்குக் கண்ணாடி போட்டிருந்தால் நேர் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள், வாட்டர்கலரும் துணி மாதிரியே வெளுக்கும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த அமெரிக்கத் திட்டத்தில் ஒவ்வொரு படத்தோடும் பொருளைப் பற்றிய குறிப்புத் தாள் ஒன்றும் எழுதி வைத்தார்கள். நீங்களும் சட்டத்தைப் பிரித்து, படத்தின் பின்பக்கம் எழுதுங்கள்: யாருடைய துணி, எந்த ஊர்த் தறி, எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது, எத்தனை முழம், தொட்டில் சேலையில் யார் யாரெல்லாம் தூங்கினார்கள், விரிப்பில் எந்தெந்தச் சேலைகள் உள்ளே இருக்கின்றன. கடைசிக் கேள்விக்குப் பதில் உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். மென்மையான பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் தாளில் ஊறி முன்பக்கம் தெரியும்.